குடத்துக்குள் எங்கள் ஓலையும் இருக்கட்டும்



தைப்பொங்கல் முடிந்த கையோடு, நாலு வயதை எட்டும் பிள்ளை உள்ள எங்கள் வீடுகளில் ஒரு கேள்வி எழும்பும். "பிள்ளையை எங்க சேர்க்கப் போறியள்?" என்று சொந்தக்காரர் தொலைபேசியில் கேட்பார்கள். கோயிலில் கேட்பார்கள். பிறந்தநாள் விழாவிலும் கேட்பார்கள். பதில் சொல்வதற்குள், "இப்ப எல்லாம் லொத்தராமே!" என்று இன்னொருவர் பயமுறுத்திவிடுவார். ஸ்காபரோவில் பல வருடங்களாகப் பெற்றோருக்குப் படிவம் நிரப்ப உதவி வருகிறவள் என்ற முறையில், இந்த லொத்தர் விடயத்தை இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். எங்கே குலுக்கல் உண்டு, எங்கே இல்லை, எதை முதலாவதாக விரும்புவது, எதை இரண்டாவதாக வைப்பது என்பதுதான் பேச்சு.

முதலில் மனத்தை ஆறுதல்படுத்தும் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஜேகே என்று நாங்கள் சொல்லும் இளைய பாலர் வகுப்புக்கு, உங்கள் வீட்டு விலாசத்துக்குரிய பொதுப் பாடசாலையில் குலுக்கல் இல்லை. அந்த ஆண்டு டிசம்பர் 31 க்குள் நாலு வயது நிறையும் பிள்ளை, அதே ஆண்டு செப்டெம்பரில் வகுப்புக்குப் போகலாம். கட்டணம் இல்லை. ஒன்ராறியோ 2010 செப்டெம்பரில் முழுநாள் பாலர் வகுப்பைப் படிப்படியாகத் தொடங்கி, 2014 செப்டெம்பரில் மாகாணம் முழுவதற்கும் கொண்டுவந்தது. பெரிய வகுப்பில் ஆசிரியரோடு, சிறுவர் கல்வியில் பயிற்சி பெற்ற இன்னொருவரும் இருப்பார். புதிய அடுக்குமாடிகள் எழும்பிய சில இடங்களில் அருகிலுள்ள பாடசாலை நிரம்பிவிட்டால், வேறொரு பாடசாலைக்கு அனுப்புவார்கள். அப்போதும் பிள்ளைக்கு இடம் இல்லை என்று கைவிரிக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எங்களில் சிலர் இன்னும் அகதி வழக்கு முடியாமல் இருக்கிறோம். சிலருக்கு ஒரு கடிதாசியும் கையில் இல்லை. பெற்றோரோ பிள்ளையோ குடிவரவு அனுமதி இல்லாமல் இந்த நாட்டில் இருக்கிறார்கள் என்ற காரணத்துக்காகப் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று ஒன்ராறியோவின் கல்விச் சட்டத்தின் 49.1 ஆம் பிரிவு சொல்கிறது. ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபை 2007 இல் இதற்கென்று தனிக் கொள்கையே நிறைவேற்றியது. ஆகவே பயந்து வீட்டில் இருக்காதீர்கள். பிள்ளையின் வயதைக் காட்டும் பத்திரம், விலாசத்தைக் காட்டும் பத்திரம், தடுப்பூசிப் பதிவு ஆகிய மூன்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

அப்படியென்றால் குலுக்கல் எங்கே வருகிறது? விலாசத்துக்குரிய பாடசாலையை விட்டு வேறொன்றை விரும்பும்போது வருகிறது. அந்தக் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, எல்லைக்கு வெளியே உள்ள இன்னொரு சாதாரண பாடசாலை. அங்கே இடம் மிஞ்சியிருந்தால் மட்டும் வெளிப்பிள்ளைகளை எடுப்பார்கள். இடத்தைவிட விண்ணப்பங்கள் கூடினால் குலுக்கல். சில பாடசாலைகள் வெளியாருக்கு முற்றாகப் பூட்டியிருக்கும். இப்படிச் சேரும் பிள்ளைக்குச் சபையின் மஞ்சள் பஸ் கிடையாது.

இரண்டாவது, பிரெஞ்சு அமிழ்வு வகுப்பு. ரொறன்ரோ சபையில் இது எஸ்கே என்னும் மூத்த பாலர் வகுப்பில் தொடங்குகிறது. ஆகவே பிள்ளை ஜேகே படிக்கும் வருடத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். தவணைக்குள் விண்ணப்பித்த எல்லோருக்கும் ஏதோ ஒரு பாடசாலையில் இடம் தருவதாகச் சபை சொல்லி வந்திருக்கிறது. அது உங்கள் வீட்டுக்குக் கிட்டிய பாடசாலையாக இருக்கும் என்று உறுதி இல்லை. அக்கா, அண்ணன் அங்கே படித்தால் முன்னுரிமை உண்டு.

மூன்றாவது, மாற்றுப் பாடசாலைகள். இவை சிறியவை, பெற்றோரின் பங்களிப்பை அதிகம் எதிர்பார்ப்பவை. 1972 இல் தொடங்கிய அல்ஃபா அவற்றில் மூத்த ஒன்று. இடத்தைவிட ஆட்கள் கூடினால் இங்கேயும் சீட்டுத்தான்.

குலுக்கல் இல்லாத, ஆனால் வேறு நிபந்தனை உள்ள கதவுகளும் இரண்டு உண்டு. கத்தோலிக்கச் சபையின் ஆரம்பப் பாடசாலையில் சேர, பிள்ளையோ பெற்றோரில் ஒருவரோ கத்தோலிக்கராக இருக்க வேண்டும். உயர்நிலைப் பாடசாலை வரும்போது அது எல்லோருக்கும் திறந்திருக்கும். சைவக் குடும்பங்கள் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது. மற்றது, வியாமொண்ட், மொன்அவனீர் என்னும் பிரெஞ்சுமொழிச் சபைகள். இவை பிரெஞ்சு உரிமை உள்ள குடும்பங்களுக்கானவை. என்றாலும் ஏனையோரின் விண்ணப்பத்தைப் பார்க்க ஓர் அனுமதிக் குழு உண்டு. பாரிஸில் சில காலம் வாழ்ந்து, பிரெஞ்சு பேசப் பழகி, பிறகு இங்கே வந்த எங்கள் குடும்பங்கள் அந்தக் குழுவிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

நேயர்களே, குலுக்கல் என்றதும் எங்கள் ஆட்களுக்கு மனம் கசக்கிறது. அதன் காரணம் எனக்கு விளங்கும். படிப்பு ஒன்றுதான் எங்களிடம் இருந்து யாரும் பறிக்க முடியாத சொத்து என்று நினைத்து வளர்ந்தோம். 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. அதன் பிறகு மாவட்ட ஒதுக்கீடு வந்தது. புள்ளி எடுத்த பிள்ளை வீட்டில் இருக்க, இடம் வேறு இடத்துக்குப் போனதைப் பார்த்த தலைமுறை இன்னும் எங்களோடு இருக்கிறது. அந்தக் காயத்தோடு இங்கே வந்தவருக்கு, "திருவுளச்சீட்டுப் போட்டுப் பிள்ளையை எடுக்கிறார்கள்" என்று கேட்டால் கோபம் வரும். 2022 மே மாதத்தில் ரொறன்ரோ சபை, கலை, விஞ்ஞானம், விளையாட்டு போன்ற சிறப்புப் பாடசாலைகளுக்குத் திறமைத் தேர்வை விட்டுக் குலுக்கலைக் கொண்டுவரத் தீர்மானித்தபோது, எங்கள் வீடுகளிலும் இந்த வாதம் கேட்டது. அந்த வாதத்தில் நான் இன்று இறங்கவில்லை. பதின்ம வயதுப் பிள்ளையின் திறமையைப் பற்றி இரண்டு பக்கமும் பேச நிறைய உண்டு.

நாலு வயதுப் பிள்ளையின் கதை வேறு. அந்த வயதில் எதை வைத்துத் தெரிவது? கலர் பெயர் சொல்வதை வைத்தா? அம்மாவின் ஆங்கிலத்தை வைத்தா? அப்பா யாரைத் தெரிந்து வைத்திருக்கிறார் என்பதை வைத்தா? ஊரில் பெரிய பாடசாலைகளில் முதலாம் வகுப்புக்கு இடம் எடுக்க, பழைய மாணவர் என்ற சான்றும், வாக்காளர் இடாப்பும், தெரிந்தவரின் கடிதமும் கொண்டு அலைந்ததை மறந்துவிட்டோமா? தரப்படுத்தலில் பிள்ளை எழுதிய பரீட்சையின் பலன் மாற்றப்பட்டது. சின்னப் பிள்ளைகளின் குலுக்கலில் மாற்றுவதற்கு அப்படி ஒரு பலனே இல்லை. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது.

சீட்டுப் போட்டுத் தெரிவது எங்கள் தமிழ் மரபுக்குப் புதிதுமல்ல. காஞ்சிபுரத்துக்குக் கிட்ட உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரியவை அவை. ஓலையில் பெயர் எழுதி, குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆள் தெரிந்தார்கள். இதைப் பெருமையாக மேடைகளில் சொல்வோம். ஆனால் அதே கல்வெட்டு இன்னொன்றையும் சொல்கிறது. 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். வேதப் படிப்பு வேண்டும். குடத்துக்குள் கைவிட்ட சிறுவன் யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை. ஆனால் ஊரில் பெரும்பாலானவர்களின் ஓலை அந்தக் குடத்துக்குள் போகவே இல்லை.

நான் இன்று சொல்ல வந்த விடயம் இதுதான். குலுக்கலில் அதிர்ஷ்டம் எல்லோருக்கும் சமம். குடத்தின் வாய் எல்லோருக்கும் சமமாகத் திறந்திருக்கவில்லை. இன்று நிலமும் வேதமும் கேட்பதில்லை. தவணைத் திகதி தெரிய வேண்டும், இணையப் படிவம் நிரப்ப வேண்டும், விலாசம் காட்ட வேண்டும், ஆங்கிலக் கடிதத்தை வாசித்து விளங்க வேண்டும். இரண்டு வேலை செய்யும் வீட்டில் இவை நிலத்தைவிடக் கஷ்டமாகிவிடலாம்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்தைப் பாருங்கள். அங்கே பெற்றோர் பாடசாலைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி எழுதிக் கொடுப்பார்கள். 2005 வரை இருந்த முறையில், முதலில் எல்லோரது முதலாவது விருப்பத்தையும் பார்த்து இடங்களை நிரப்பிவிடுவார்கள். முதலாவது கிடைக்காமல் போனவர் இரண்டாவதுக்கு வரும்போது, அதை முதலாவதாக எழுதியவர்களால் அது நிரம்பியிருக்கும். ஆகவே விடயம் தெரிந்த பெற்றோர், உண்மையில் விரும்பியதை விட்டு, கிடைக்கக்கூடிய ஒன்றை முதலாவதாக எழுதினார்கள். கூட்டம் கூடி ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தார்கள். விடயம் தெரியாதவர்கள் மனத்தில் இருந்ததை அப்படியே எழுதி, இரண்டையும் இழந்தார்கள். யார் அந்தத் தெரியாதவர்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. பொருளியல் அறிஞர்கள் இதை எடுத்துக் காட்டிய பிறகு, 2005 இல் பொஸ்ரன் அந்த முறையை மாற்றியது. புதிய முறையில், ஒரு பாடசாலை முதலில் தரும் இடம் தற்காலிகமானது. உங்கள் மூன்றாவது விருப்பமாக ஒரு பாடசாலையை எழுதியிருந்தாலும், அங்கே முன்னுரிமையோ சீட்டு எண்ணோ உங்களுக்கு நல்லதாக இருந்தால், அதை முதலாவதாக எழுதியவருக்கு முன்னால் உங்களுக்கு இடம் வரும். ஆகவே மனத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுவதால் நட்டம் இல்லை. இதற்கு அடிப்படையான கணக்கை 1962 இல் கேல், ஷாப்லி என்ற இருவர் எழுதினார்கள். அவர்களில் லொயிட் ஷாப்லிக்கும், அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த அல்வின் ரோத்துக்கும் 2012 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. நியூயோர்க்கிலும் வாஷிங்டனிலும் மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளின் பொதுப் பாலர் வகுப்புகளுக்கே இப்படி 12 இடங்கள் வரை வரிசைப்படுத்தி விண்ணப்பிக்கிறார்கள். அங்கே இருக்கும் உங்கள் உறவினருக்கு நீங்கள் சொல்லக்கூடிய ஒரே அறிவுரை: உண்மையான விருப்பத்தை உண்மையான ஒழுங்கில் எழுதுங்கள், வரிசையைக் குறுக்காதீர்கள்.

ரொறன்ரோவில் எல்லாக் கதவுக்குமாக அப்படி ஒரே படிவம் இல்லை. ஒவ்வொரு கதவுக்கும் தனி விண்ணப்பம், தனித் திகதி. அதனால் வரிசைப்படுத்தும் வேலையைச் சபையின் கணினி உங்களுக்காகச் செய்யாது. அது உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடக்க வேண்டும். அதுவும் கடிதம் வருவதற்கு முன்னரே நடக்க வேண்டும். இடம் கிடைத்தது என்ற செய்தி வந்தால், ஓம் என்றோ வேண்டாம் என்றோ சொல்லச் சில நாட்களே தருவார்கள்.

ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். எக்ளின்டன் கிழக்குப் பக்கம் ஒரு பேஸ்மன்றில் இருந்தார்கள். தாய் முதியோர் இல்லத்தில் இரவு வேலை. தகப்பன் லொறி ஓட்டுகிறவர். அம்மம்மாதான் பிள்ளையைப் பார்ப்பவர். எல்லைக்கு வெளியே பெயர்பெற்ற ஒரு பாடசாலையில் குலுக்கலில் இடம் விழுந்துவிட்டது. தகப்பனுக்குச் சந்தோசம் தாங்க முடியவில்லை. "லொத்தர் விழுந்திருக்கு, விடுவமோ?" என்றார். அம்மம்மா ஒன்றும் பேசாமல் இருந்தார். நான்தான், "அம்மா, நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டேன். "பனிக்குள்ள இரண்டு பஸ் மாறி நான் போவன் பிள்ளை. இவன் சின்னவன் நடப்பானோ? பின்னேரம் திரும்பவும் போக வேணும். எனக்கு முழங்கால் ஏலாத நாளில ஆர் போறது?" என்றார். வீடு அமைதியாகிவிட்டது. அன்றிரவு அவர்கள் ஒரு தாளில் நாலு பாடசாலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே, பெப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை யார் கொண்டு போவது, பின்னேரம் மூன்றரைக்கு யார் கூட்டி வருவது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அழைத்தால் யார் ஓடுவது என்று எழுதினார்கள். குலுக்கலில் விழுந்த இடத்தை விட்டுவிட்டு, வீட்டில் இருந்து ஏழு நிமிட நடையில் இருந்த பாடசாலையை எடுத்தார்கள். அதே கிழமை இன்னொரு குடும்பம் தூரத்துப் பாடசாலையை எடுத்தது. அது தாய் வேலைக்குப் போகும் வழியில் இருந்தது. இரண்டு முடிவும் சரி என்பேன். இரண்டு வீட்டாரும் தங்கள் வாழ்க்கையை வைத்து வரிசைப்படுத்தினார்கள்.

அந்தத் தாளில் நீங்களும் எழுத வேண்டியவை சில உண்டு. பாடசாலைக்கு முன்னும் பின்னும் பிள்ளையைப் பார்க்கும் ஒழுங்கு அங்கே இருக்கிறதா? இளைய பிள்ளைக்கும் அங்கே இடம் வருமா? சிறுவர் பராமரிப்புக்கு நகரசபையின் கட்டண உதவி வேண்டுமென்றால், அதற்கும் காத்திருப்போர் பட்டியல் உண்டு. முந்தி விண்ணப்பித்தவருக்கு முந்தி முறை வரும். கூட்டாட்சித் திட்டத்தில் சேர்ந்த நிலையங்களில் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு நாளொன்றுக்கு 22 டொலருக்கு மேல் எடுக்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் ஒன்ராறியோ வரையறுத்தது. அப்படியிருந்தும் இடம் கிடைப்பது இலகுவல்ல. பாலர் வகுப்புக்கு முன்னர் பிள்ளையைப் பழக்க, ஏர்லிஓன் நிலையங்கள் இலவசமாக உண்டு. அம்மம்மாவும் கூட இருந்து விளையாடலாம்.

இனி, கொஞ்சம் உறைப்பாக ஒன்றைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். "அந்தப் பாடசாலை வேண்டாம், அங்க எல்லாம் எங்கட ஆக்கள்தான்" என்று எங்கள் ஆட்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பிறகு பிரேசர் நிறுவனத்தின் பட்டியலைக் காட்டுவார்கள். அந்தப் பட்டியல் மாகாணப் பரீட்சைப் புள்ளிகளை வைத்துச் செய்வது. ஆரம்பப் பாடசாலையில் மூன்றாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்தான் அந்தப் பரீட்சையை எழுதுகிறார்கள். நேற்று வந்து ஆங்கிலம் பழகும் பிள்ளையும், பிறந்ததில் இருந்து புத்தகத்தோடு வளர்ந்த பிள்ளையும் ஒரே தாளைத்தான் எழுதுகிறார்கள். பாலர் வகுப்பு ஆசிரியை உங்கள் பிள்ளையின் பெயரைச் சரியாக உச்சரிக்கிறாரா, அழுதால் அணைக்கிறாரா என்பது எந்தப் பட்டியலிலும் இல்லை. அத்தோடு, எந்தப் பாடசாலையின் பிள்ளைகளுக்குத் தேவை அதிகம் என்று பார்க்க ரொறன்ரோ சபை ஒரு சுட்டெண் வைத்திருக்கிறது. 2006 இல் அது தொடங்கிய முன்மாதிரிப் பாடசாலைத் திட்டம், தேவை கூடிய பாடசாலைகளுக்கு மேலதிக வளங்களைக் கொண்டுபோகவே வந்தது. ஆகவே பட்டியலில் கீழே இருக்கும் பாடசாலையை வாசலில் இருந்தே தள்ளிவிடாதீர்கள். ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். கேளுங்கள். பிறகு வரிசையில் வையுங்கள்.

பிரெஞ்சைப் பற்றியும் கேட்கிறார்கள். "வீட்டில தமிழ், வெளியில ஆங்கிலம், அங்க பிரெஞ்சு. பிள்ளை குழம்பாதா?" இதே ரொறன்ரோவில் ஆய்வு செய்த பேராசிரியர் ஜிம் கமின்ஸ் 1970களின் இறுதியில் இருந்தே சொல்லி வந்த கருத்து, தாய்மொழியில் பெறும் ஆழம் அடுத்த மொழிக்குக் கைகொடுக்கும் என்பது. ஆகவே பிரெஞ்சு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், வீட்டில் தமிழை விட்டுவிடாதீர்கள். அமிழ்வு வகுப்பில் முதற் சில வருடங்கள் எல்லாப் பாடமும் பிரெஞ்சில் நடக்கும். வீட்டுப்பாடத்துக்கு உதவ முடியுமா என்ற கவலை நியாயமானது. அந்தக் கவலை பெரிதென்றால் அவசரம் இல்லை. நாலாம் வகுப்பில் தொடங்கும் அமிழ்வு வகுப்பும் உண்டு. அதுவும் வேண்டாமென்றால், நாலாம் வகுப்பில் இருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சு ஒரு பாடமாக வருகிறது.

விலாசம் பற்றி ஒரு சொல். "பெரியம்மா வீட்டு விலாசத்தைக் கொடுப்பம்" என்ற யோசனை வந்தால் அதை விட்டுவிடுங்கள். வந்த புதிதில் மூன்று குடும்பம் ஒரு வீட்டில் இருந்தோம். அப்போது அந்த விலாசம் எங்கள் உண்மையான விலாசம். இருக்காத வீட்டின் விலாசத்தைக் கொடுத்து, பிறகு அது வெளியே வந்தால், தோழர்களை விட்டு இழுத்தெடுக்கப்படுவது பிள்ளைதான். மாறாக, வாடகை கூடி பேஸ்மன்றை விட்டு வெளியேற வேண்டி வந்தால், மறைக்காமல் அதிபரிடம் போய், பிள்ளை இதே பாடசாலையில் தொடரலாமா என்று கேளுங்கள். மொழி தடையென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

குலுக்கலில் விழாவிட்டால்? காத்திருப்போர் பட்டியலில் பெயரை வைத்திருங்கள். செப்டெம்பரிலும் இடம் அசையும். ஆனால் பிள்ளையின் காதுபட, "எங்களுக்குக் கிடைக்கேல்ல, இதுக்குத்தான் போக வேண்டி வந்தது" என்று சொல்லாதீர்கள். அது நாலு வயதுப் பிள்ளையின் முதற் பாடசாலை. அதைப் பிள்ளை இரண்டாந்தரமாக நினைக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விதிகளும் திகதிகளும் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. இந்த வருடத்து விபரத்தைப் பாடசாலையிடமே கேட்டு, நாட்காட்டியில் எழுதுங்கள். உங்கள் வேலையிடத்திலோ, மேல்மாடியிலோ, மூன்று வயதுப் பிள்ளையோடு புதிதாக வந்த ஒரு குடும்பம் இருக்கும். அவர்கள் வானொலி கேட்காமல் இருக்கலாம். இந்தத் தாளை மடித்து அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.